மண்ணின் மனதை அறிந்த டெர்ஸாகி



சேலத்தில் பஸ் ஏறினால் ஏற்காடு போய்ச் சேர இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடைமழைக் காலத்தில் ஏதாவது ஒரு வளைவில் மண் சரிந்து கிடக்கும். மழை பெஞ்சா மண்ணு சரியத்தானே செய்யும் என்று நாம் தூங்கப் போய்விடுவோம். ஏன் சரிகிறது என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்தான் கார்ல் டெர்ஸாகி.

1883 அக்டோபர் 2 அன்று பிராக் நகரில், ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தார். கிராஸ் நகரில் அவர் படித்தது மெக்கானிக்கல் (மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!). ஆனால் மனசு மண்ணிலேயே இருந்தது. 1912ல் அமெரிக்கா போய் அணைக்கட்டு வேலைகளைச் சுற்றிப் பார்த்தார். தேடிய விடை கிடைக்கவில்லை. ஏமாற்றத்தோடு திரும்பினார்.

1916ல் இஸ்தான்புல்லில் ஆசிரியர் வேலை. முதல் உலகப்போர் முடிந்ததும் அதுவும் போச்சு. பிறகு அங்கேயே ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். வசதியான லேப் எதுவும் கிடையாது. சுருட்டுப் பெட்டிகளையும் வேண்டாமென்று போட்ட சாமான்களையும் வைத்தே சோதனைகளைத் தொடங்கினார். களிமண்ணின் மேல் பாரம் வைத்து, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு அமுங்குகிறது என்று பொறுமையாக அளந்தார்.

கண்டது இதுதான். ஈர மண்ணில் வைக்கும் பாரத்தை மண் துகளும் இடுக்கு நீரும் பங்கு போட்டுத் தாங்குகின்றன. நீரின் அழுத்தம் கூடினால் துகள்களின் பிடிப்பு தளர்ந்து பலம் குறையும். மலைச்சரிவில் நடப்பதும் அதுவே. இந்த ஆராய்ச்சிகளை 1925ல் நூலாக வெளியிட்டார். சாயில் மெக்கானிக்ஸ் என்ற தனிப் பாடமே பிறந்தது.

புகழோடு சோதனையும் வந்தது. வியன்னாவில் உடன் பணியாற்றிய பேராசிரியர் ஃபில்லுங்கர், டெர்ஸாகியின் கொள்கையே தப்பு என்று அச்சிட்டுத் தாக்கினார். விசாரணைக் குழு டெர்ஸாகி பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1937 மார்ச்சில் ஃபில்லுங்கரும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். ஃபில்லுங்கரின் ஆய்விலும் சிறந்த கருத்துகள் இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கருத்துச் சண்டை ஆள் சண்டையானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

1938ல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் பணியாற்றினார். 1952ல் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் நிலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் நமக்குப் பல் கிட்டும், மண் உறையாது. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் உறையும். அங்கே பனிக்கட்டி சிமெண்டைப் போலத் துகள்களைப் பிடித்துக்கொள்வதால் மண் கல்லாக நிற்கும். ஆனால் நாள்பட்ட பாரத்துக்குப் பனிக்கட்டி மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். கட்டடத்தின் சூடு இறங்கி உருகினாலோ, நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கல்லாக இருந்தது சேறாகிவிடும். இந்த உருகும் மண்ணுக்குக் கணக்குப் போட, 1971ல் மார்கன்ஸ்டெர்னும் நிக்சனும் எடுத்துக்கொண்டது டெர்ஸாகியின் பழைய களிமண் கொள்கையைத்தான்!

1963 அக்டோபர் 25 அன்று டெர்ஸாகி மறைந்தார். கனடாவில் அவர் ஆலோசனையில் எழுந்த மிஷன் அணைக்கு 1965ல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

நண்பர்களே, லேப்பில் மெஷின் இல்லை, கருவி இல்லை என்று நாம் அலுத்துக்கொள்வோம். அடுத்த முறை ஏற்காடு போகும்போது தூங்காதீர்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். அவை அடைபடாமல் இருக்கும்வரை சுவர் நிற்கும். நாளைக்கு அதைக் கட்டப்போவது நாம்தானே!