மருத்துவச்சியாய்த் தொடங்கிய மாதரசி: மேரி ஷார்லீப் அம்மையார் வரலாறு

தொழில்கள் பலவற்றுள்ளும் ஓருயிரை இவ்வுலகிற்கு வரவேற்கும் தொழில் தலையாயது என்பதனை மறுப்பார் யாருமிலர். ஆயினும், அத்தொழிலைக் கைக்கொண்ட மகளிரை உலகம் எங்ஙனம் நடத்திற்று என ஆராயப் புகின், நாணுதற்குரிய செய்திகளே மிகுதியும் காணப்படும். பேறுகாலத்து நள்ளிரவில் மருத்துவச்சியை வருந்தி அழைத்த வீடுகள், குழந்தை பிறந்து அழுகுரல் கேட்டபின் அவளைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தின. காத்த கைக்குத் தீட்டுண்டு என்றன. சில படி நெல்லும் ஒரு பழம்புடவையுமே அக்கைக்குப் போதிய கூலியென எண்ணின. நம் மருத்துவ குலத்து மூதாட்டியர் தலைமுறை தலைமுறையாக இதனைப் பொறுத்து வந்தனர். அவர்தம் பேத்தியருட் சிலர், பாட்டி மருத்துவச்சியாயிருந்தாள் என்று சொல்லவும் இன்று கூசுகின்றனர். அக்கூச்சம் பொருந்துமா என்பதை, அத்தொழிலைத் தாமே விரும்பி மேற்கொண்ட ஓர் அம்மையாரின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பிறப்பும் மணமும்

மேரி ஆன் டேக்கம் பேர்டு என்னும் பிள்ளைப்பெயருடைய இவ்வம்மையார், 1845-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிறந்த சின்னாட்களிலேயே தாயை இழந்தார். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என நம் நாட்டார் வழங்கும் மொழியின் கொடுமையை, அறியாப் பருவத்திலேயே அடைந்தவர் இவர் எனலாம். பாட்டனார் பாட்டியார் வீட்டில், சமயப்பற்றும் கட்டுப்பாடும் மிக்க சூழலில் வளர்ந்தார்.

1865-இல் வில்லியம் மேசன் ஷார்லீப் என்னும் வழக்கறிஞரை மணந்தார். அவர் சென்னையில் வழக்கறிஞர் தொழில் நடத்த எண்ணியிருந்தமையின், 1866-இல் தம்பதியர் இருவரும் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தனர். அம்மையார்க்கு அப்போது வயது 21. மக்கள் மூவர் பிறந்தனர். பொருட்குறை இல்லை, பணியாளர்க்கும் குறைவில்லை. அக்காலத்து ஆங்கிலப் பெருமாட்டியர் பலரைப் போல மாலையில் கடற்கரைக் காற்று வாங்கியும், விருந்துகளிற் கலந்தும் வாணாளைக் கழித்திருப்பின், அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இருந்திரார்.

செவியிற் பட்ட செய்தி

கணவர் நடத்திய சட்ட இதழ்ப் பணியில் அம்மையார் துணை நின்றார். அதனால் வழக்காட வந்தோரோடும் அலுவலக எழுத்தர்களோடும் உரையாடும் வாய்ப்பு அவர்க்குக் கிடைத்தது. அவர்கள் வாயிலாக அவர் கேட்டறிந்த செய்தி, அவர் உள்ளத்தை உறங்கவொட்டாது செய்தது.

அது யாதெனின், உயர்குலத்து இந்து மகளிரும், கோஷா முறை வழுவாத முகம்மதிய மகளிரும், பேறுகாலத்தில் எத்துணை இடர் நேரினும் ஆண் மருத்துவரைத் தம்மருகே விடார் என்பதே. வீட்டாரும் விடார். குழந்தை குறுக்கே கிடப்பினும், குருதி நில்லாது ஒழுகினும், மருத்துவர் வாயிற்புறத்தே நிற்க, உள்ளே ஓருயிரோ ஈருயிரோ பிரியும். பெண் மருத்துவர் என்பார் அந்நாளில் இந்நாட்டில் இலர் எனலாம்.

அவ்வறைக்குள் செல்ல உரிமை பெற்றவர் மருத்துவச்சியர் மட்டுமே. அவருட் கைதேர்ந்தவர் பலர் இருந்தனர். வயிற்றைத் தடவிப் பார்த்தே குழந்தை கிடக்கும் கிடையைக் கூறவல்லார் இருந்தனர். ஆனால் ஆயுதங்கொண்டு செய்யத்தக்க சிகிச்சைகளை அவர்க்குக் கற்பித்தார் யாருமிலர். நோய்க் கிருமி என்பதொன்று உண்டென்பதே அறியப்படாத காலத்தில், தூய்மையற்ற கத்தியாற் கொப்பூழ்க்கொடியை அறுத்தமையால் பச்சிளங்குழவிகள் இசிவு கண்டு இறந்ததும் உண்மையே. இதனை நாம் மறைத்தல் அறமன்று.

அக்காலத்து ஆங்கில மருத்துவர் பலர், பழியனைத்தையும் நாட்டு மருத்துவச்சியர் தலைமேற் சுமத்தினர். அவர்க்கு விடையாக வியன்னா நகரத்துச் செய்தியொன்று உண்டு. அந்நகர்ப் பெருமருத்துவமனையில் பேறுகாலப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர்; மற்றொன்றில் மருத்துவச்சியர் பயின்றனர். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாயர் மாணவர் பகுதியிலேயே மிகப் பலர். மருத்துவச்சியர் பகுதியில் அவ்வளவு சாவு இல்லை. காரணத்தை ஆராய்ந்த செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிணமறுத்த கையோடு மாணவர்கள் தாயரைத் தொட்டதே சாவுக்கு வித்து என்று 1847-இல் கண்டார். சுண்ணாம்புக் குளோரின் நீரிற் கைகழுவச் செய்தார், சாவு குறைந்தது. ஆகவே குற்றம் சாதியிலும் இல்லை, நாட்டிலும் இல்லை. கழுவாத கையிலே இருந்தது. கற்றவர் கையும் கழுவாதிருந்தாற் கொல்லும். கல்லாதவர் கையும் கழுவினாற் காக்கும்.

மருத்துவச்சிப் பயிற்சி

மேரி அம்மையார் செய்தது யாது? தொலைவிலிருந்து இரங்கினாரல்லர், நன்கொடைக்கு ஓலை விடுத்து அமைந்தாருமல்லர். சென்னை எழும்பூரில் 1844-இல் நிறுவப்பட்ட பிரசவ மருத்துவமனையை நாடிச் சென்று, தம்மை மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். அங்கே 1854 முதற்கொண்டே மருத்துவச்சியர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டு வந்தது. வழக்கறிஞரின் மனைவி இப்பணிக்கு வருவதா என்று வியந்தார் பலர். அவரோ ஓராண்டு அங்கே பயின்றார். ஏழைத் தாயரின் கட்டிலருகே இரவு பகலாய் நின்று கைத்தொழிலைக் கற்றார்.

ஓராண்டு முடிவில் அவர்க்கு ஒன்று புலனாயிற்று. எளிய பேறு பார்க்க இக்கல்வி போதும். இடர் நேர்ந்துழி உயிர் காக்க முழு மருத்துவமும் அறிதல் வேண்டும். அந்நாளில் அது பெண்ணுக்கு எளிதில் எய்தும் பொருளன்று. எடின்பரோவில் மருத்துவம் பயிலப் புகுந்த மகளிரை 1870-இல் ஒரு கும்பல் சேறெறிந்து இழிவுபடுத்திற்று. பின்னர் அவர்க்குப் பட்டமும் மறுக்கப்பட்டது. அத்தகைய காலத்தில், சென்னையில் மருத்துவத் துறைத் தலைவராயிருந்த எட்வர்டு பால்ஃபோர் என்னும் பேரறிஞர் மகளிர் கல்விக்கு வழக்காடினார். அதன் பயனாக 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது. முதற்கண் சேர்ந்தவர் நால்வர். அவருள் மேரி அம்மையாரும் ஒருவர். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க இசைந்தது 1878-இல். அதற்கும் மூன்றாண்டு முன்னரே நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பது நாம் மார்தட்டிக் கூறத்தக்கதாம்.

கல்லூரியில் ஆசிரியர் சிலர் மனமுவந்து கற்பித்தாரிலர். மனையறமும் மக்கள் மூவரின் வளர்ப்பும் ஒருபுறம். சென்னை வெயில் மற்றொருபுறம். அனைத்தையும் தாங்கி 1878-இல் தேறினார்.

இலண்டனும் மீட்சியும்

அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, மகளிர்க்கென நிறுவப்பட்டிருந்த இலண்டன் மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். 1882-இல் எம். பி., பி. எஸ். பட்டங்களைப் பெற்றார். பேறுகால மருத்துவத்தில் பொற்பதக்கமும் அவர்க்கே கிடைத்தது. எழும்பூரில் மருத்துவச்சியாய்ப் பயின்ற கையன்றோ அது! பின்னர், மேற்கூறிய வியன்னாவிற்கும் சென்று சிகிச்சை நுணுக்கங்களைக் கற்றார்.

சென்னைக்கு மீளுமுன் விக்டோரியா மகாராணியாரைக் காணும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டிற்று. இந்நாட்டு மகளிர் படும் பேறுகாலத் துன்பத்தை அரசியாரிடம் எடுத்துரைத்தார். ஒன்பது மக்களைப் பெற்ற தாயாகிய அரசியார் அதனை ஊன்றிக் கேட்டார். 1883-இல் அம்மையார் சென்னை சேர்ந்தார்.

கோஷா ஆஸ்பத்திரி

1885-இல் அம்மையாரின் முயற்சியால் நுங்கம்பாக்கத்தில் மருத்துவமனை ஒன்று தோன்றிற்று. அரசியாரின் பெயர் தாங்கிய அது, சாதி மகளிர்க்கும் கோஷா மகளிர்க்கும் உரியதெனப் பெயரிலேயே குறிக்கப்பட்டது. மருத்துவம் செய்வோர் பெண்கள். உயிர் போயினும் ஆடவர் கண்ணிற்படோம் என்றிருந்த குலமகளிர் அங்கே வந்தனர். பின்னர் வேங்கடகிரி அரசர் ஒரு லட்சம் ரூபாய் வழங்க, அரசாங்கம் சேப்பாக்கத்தில் நிலம் அளிக்க, 1890-இல் மருத்துவமனை அவ்விடம் பெயர்ந்தது. 1921-இல் அரசாங்கம் அதனை ஏற்றது. இன்று கஸ்தூரிபா காந்தி அம்மையார் பெயரால் விளங்கும் அதனை, முதியோர் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குவர்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை உள்ளவாறு கூறல் வேண்டும். அம்மருத்துவமனையின் பெயர், யாரை வருக என்றதோடு, யாரை வாராதீர் என்பதனையும் உடன் கூறிற்று. தாழ்த்தப்பட்ட குலத்துத் தாய்க்கு அப்பெயரில் இடமில்லை. அம்மையார் இதனை அறியாதவரா? எழும்பூரில் ஏழைத் தாயரிடையே தொழில் பயின்ற அவர் அறியாதிரார். வழக்கத்தை மாற்றிய பின்னரே உயிரைக் காப்பேம் எனக் காத்திருப்பின், அதற்குள் எத்தனை தாயர் இறப்பர் என்று எண்ணிப் போலும், வழக்கத்திற்கு ஒருபடி இறங்கி வந்தார். அதனாற் பல உயிர் பிழைத்தன என்பதும் மெய். சாதியென்னும் சொல் மருத்துவமனை வாயிலிலேயே எழுதப்பட்டதும் மெய். வேலி விழுந்தது; வீடு நின்றது. இன்று அம்மருத்துவமனை எல்லாத் தாயர்க்கும் பொதுவாம்.

அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் மகளிர்க்கு மகப்பேற்று மருத்துவமும் கற்பித்தார். ஓய்வற்ற உழைப்பால் உடல்நலம் குன்றவே, 1887-இல் சென்னையை விட்டு நீங்கினார்.

பிற்காலம்

இலண்டனிலும் அவர் சும்மா இருந்தாரல்லர். 1888-இல் எம். டி. பட்டம் பெற்றார். 1891-இல் கணவரை இழந்தார். துயரைப் பணியில் ஆற்றி, மகளிர் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையில் பெரும்புகழ் எய்தினார். 1902-இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராக அமர்ந்தார். இங்கிலாந்தில் மருத்துவச்சியர் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. 1926-இல் டேம் என்னும் உயர்விருது அவர்க்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில், செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவேட்டிற் பெயரெழுதிப் போற்றும் சட்டமும் இயற்றப்பட்டது. மருத்துவச்சி பெயரற்றவளாய் இருந்த காலம் அன்றோடு முடிந்தது எனலாம். 1930-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், 85-ஆம் அகவையில் அம்மையார் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள்! இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை வயல் இருந்த இடங்களிற் பல இன்று ஆலைகளாய்விட்டன. கார்களும் கைபேசிகளும் அங்கே உருவாகின்றன. நெல்லை மாவட்டத்தினின்றும் வடநாட்டினின்றும் வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, இரவுமுறை வேலைக்குப் பேருந்தேறிச் செல்கின்றனர். அவருட் பலர் இங்கேயே மணந்து, இங்கேயே கருவுறுகின்றனர். தாயும் அருகில் இல்லை. மாமியும் அருகில் இல்லை. அவர்தம் மாத்திரைக் கணக்கையும் இரத்த அளவையும் கேட்டுக் குறிப்பவர் கிராம சுகாதார செவிலியர். வலி கண்ட இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைப்பிடித்து நிற்பவர் பணிச் செவிலியர். அவர் தாம் இக்காலத்து மருத்துவச்சியர்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளியிறுதி தேறிய பெண்கள் பலர் உளர். ஆலை வேலையும் நல்வேலையே, அதனைக் குறைத்துரையேன். ஆயினும், செவிலியமும் மகப்பேறும் கற்கலாமே என்று ஆசிரியன் என்னும் முறையில் யான் சொல்லும்போது, மீண்டும் அந்தத் தொழிலா என்று பெற்றோர் தயங்குவதைக் கண்டிருக்கின்றேன். அத்தயக்கத்தின் வேர் எனக்கு விளங்காமலில்லை. திண்ணைக்கு அப்பால் நிறுத்தப்பட்ட பாட்டியின் நினைவு எளிதில் ஆறாது.

ஆனால் எண்ணிப் பாருங்கள். திண்ணைக்கு அப்பால் நிறுத்திய இழிவு நிறுத்தினவரைச் சார்ந்தது, தொழிலைச் சார்ந்ததன்று. கடல் கடந்து வந்த ஒரு பெருமாட்டி, செல்வமும் சிறப்பும் இருந்தும், முதலிற் கற்க விரும்பியது நம் பாட்டியர் கைத்தொழிலையே. அதன்மேல் நூற்கல்வியையும் ஏற்றிக்கொண்டமையால் அவர் பெயர் நின்றது. நம் பாட்டியர்க்குக் கை இருந்தது; நூல் மறுக்கப்பட்டது. இன்று நூலும் கிடைக்கின்றது. அரசுப் பதிவேடும், ஊதியமும், மதிப்பும் உடன் கிடைக்கின்றன. இந்நிலையில் நாமே அத்தொழிலைத் துறப்போமாயின், பாட்டியர் பட்ட துன்பம் பயனின்றிப் போகும்.

ஆகவே, மகளை இப்படிப்பிற்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் தயங்காதொழிக. முன்னரே இப்பணியிலுள்ள நம் மகளிரை விழாக்காலங்களில் முன்வரிசையில் அமர்த்துக. அவர் கையால் உலகு கண்ட குழந்தைகள் நீடு வாழ்க! அக்கைகளும் வாழ்க!