ஐம்பதிலும் தளராத காமா

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராட வரும் முதியவர்களுக்குக் கைகொடுத்துப் படியிறக்கியவர்கள் ஒன்றை அறிவர். கால் தடுமாறும், ஆனால், பற்றிய பிடியில் பேரனின் மணிக்கட்டு வலிக்கும். குத்துச்சண்டையிலும் இதுவே வழக்கு. முதலில் வேகம் போகும், பின்னர் கால்கள் தளரும். ஹெவிவெயிட் எனப்படும் அதிகூடிய எடைப் பிரிவினரின் குத்து கடைசியில்தான் போகும். அந்தக் குத்து கையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. இடுப்பும் தோளும் உடலின் பாரமும் தக்க தருணத்தில் ஒன்றுசேர்வதாலேயே பிறக்கிறது. 1974இல் முகம்மது அலியிடம் பட்டத்தை இழந்த ஜோர்ஜ் போர்மன், 1994இல், தமது 45ஆவது வயதில், தம்மைவிட மிக இளையவரான மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி அதை மீட்டார்.

குத்துச்சண்டையில் அல்லாவிடினும் மல்யுத்தத்தில் இதற்கு நிகரான ஒருவர் நமது துணைக்கண்டத்திலும் வாழ்ந்தார். அவர் காமா பயில்வான். இயற்பெயர் குலாம் முகம்மது.

பஞ்சாப்பின் மல்லர் குடும்பமொன்றில் 1878ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து உறவினரிடம் வித்தை கற்றார். 1910இல் இலண்டன் சென்றபோது, உயரம் போதாதென்று அங்கு நடந்த போட்டியில் அவரைச் சேர்க்கவில்லை. காமாவோ யாருடனும் மோதத் தயார் என அறைகூவல் விடுத்தார். அமெரிக்கரான ரோலரை எளிதில் வென்ற பின், செப்டெம்பரில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகக் கிடந்தே இரண்டரை மணி நேரத்தைக் கடத்தினார். முடிவு சமநிலை. மறுவாரப் போட்டிக்கு அவர் வரவில்லை. வெற்றி காமாவுக்கே அளிக்கப்பட்டது.

ஆயினும் அது மனம் நிறைந்த வெற்றியாகுமா? அக்கணக்கு தீரப் பதினேழு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1928 ஜனவரியில் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினர். காமாவுக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. ஸ்பிஸ்கோவும் அந்த வயதை நெருங்கியவரே. இம்முறை ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. கூட்டம் சரியாக அமர்வதற்குள் ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார். இளமையில் இரண்டரை மணி நேரத்தில் முடியாதது முதுமையின் வாசலில் சில நொடிகளில் முடிந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பைதக்கும் எடுத்த உடலுக்குப் பொறுமையும் துணைநின்றது என்றே கொள்ளவேண்டும்.

1947இல் நாடு பிரிந்தபோது காமா எழுபதை அணுகியிருந்தார். லாகூரில் தமது தெருவில் வாழ்ந்த இந்துக்களைத் தாக்க வந்த கும்பலுக்கு முன்னால், முஸ்லிமான அவர் தம் சீடர்களோடு போய் நின்றார் என்றும், அவர்களை எல்லைவரை பத்திரமாக அனுப்பிவைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1990இல் போரினால் கீரிமலையை விட்டு ஓடிய தமிழருக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், தெருமுனையில் அப்படி ஒருவர் நிற்பதன் பெறுமதியை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிரிவினைக்குப் பின் மல்லர்களைப் புரந்த சமஸ்தானங்களும் மறைந்தன. வருவாய் அற்றது, இதய நோயும் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டன. உதவியவர்களுள் எல்லைக்கு அப்பாலிருந்த இந்திய அன்பர்களும் இருந்தனர். 1960 மே மாதம் லாகூரில் காமா காலமானார். கோதாவில் அவர் முதுகு மண்ணில் பட்டதாக வரலாறு இல்லை.