தங்க நிற மருந்து தந்த சுப்பாராவ்

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்ற ஒரு மாணவர், பின்னாளில் பெரிய மருந்து விஞ்ஞானி ஆனார். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த அவ்வூர், இன்று ஆந்திராவில் உள்ளது. ஏழைக் குடும்பம். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் மீது கொண்ட பற்றால் அங்கே கதர் அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அந்த நாட்களில் அவர் வீட்டில் பெரும் சோகம் நிகழ்ந்தது. 'ஸ்புரூ' என்னும் குடல் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து பலியாயினர். இந்நோய் வந்தால் உண்ணும் உணவின் சத்து உடலில் சேராது. நோயாளி மெலிந்துகொண்டே போவார். அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை.

1920களில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். 1940இல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். 1945இல் அவரது குழு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது.

அதே குழுவில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் அறிஞர் இருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். பல ஊர்களின் மண்ணை வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில் ஒரு தங்க நிற நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த மருந்துதான் ஆரியோமைசின். 1948இல் வெளிவந்த இதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை!

பாக்டீரியா பெருகப் புரதம் வேண்டும். இம்மருந்து அந்தப் புரதத் தயாரிப்பையே நிறுத்திவிடும். 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது டாக்டர்கள் நம்பிய மருந்துகளில் டெட்ராசைக்ளினும் ஒன்று.

ஆனால் நல்ல மருந்தையும் அறிந்தே உண்ண வேண்டும். வளரும் பற்களில் இது படிந்து நிரந்தரக் கறையை உண்டாக்கும். எனவே எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. பாலுடன் சேர்த்து விழுங்கினால், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். உடலில் சரியாகச் சேராது. காலாவதியான டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைரஸால் வரும் சளிக்கு இது பயன்படாது. தேவையின்றித் தின்றால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடும். டாக்டர் சொன்னால் மட்டுமே, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

ஆரியோமைசின் வெளிவந்த அதே 1948 ஆகஸ்டில், 53ஆவது வயதில் சுப்பாராவ் காலமானார். இன்று ஸ்புரூ நோய்க்கு டாக்டர்கள் தரும் மருந்துகள் எவை தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்! தன் சகோதரர்களைக் காப்பாற்ற முடியாதவரின் ஆய்வுக்கூடம், மற்றவர்களின் சகோதரர்களைக் காப்பாற்றி வருகிறது.