கல்லைக் கண்டார், வயதைக் காணவில்லை!

மயிலாப்பூருக்குத் தென்மேற்கே, பரங்கிமலையைத் தாண்டினால் பல்லாவரம். 1863 மே 30-ந் தேதி அங்கே சரளைக் குழி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு கல்லை எடுத்தார். அது வெறும் கல் அல்ல. ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி!

அவர்தான் இராபர்ட் புரூஸ் பூட். 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் துறையில் சேர்ந்தார்.

அதே 1863 செப்டம்பரில், நண்பர் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கம் போனார். அங்கும் கோடரிகள் கிடைத்தன. அவற்றுக்கு எத்தனை வயது? கணக்கிட அன்று வழியில்லை. பூட் சேர்த்த கற்கள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 1912-ல் அவர் காலமானார்.

விடையோ மண்ணிலேயே இருந்தது! வெள்ளத்தில் வண்டல் படியும்போது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் திசைகாட்டும் முள்ளைப்போல் வடக்கு நோக்கிப் படியும். ஆனால் பூமியின் காந்தம் சில காலங்களில் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. கடைசியாகப் புரண்டது சுமார் 7¾ லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

அத்திரம்பாக்கத்தில் கோடரிகள் புதைந்திருந்த ஆழத்து மண்ணில், காந்தம் தெற்கு நோக்கியிருந்தது. எனவே அந்தக் கோடரிகள் அதற்கும் முந்தியவை! வேறொரு முறையிலும் அளந்து, 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் வயதைச் சொன்னார்கள்: ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள்!

பூட் மறைந்து சுமார் 100 ஆண்டுகளுக்குப் பிறகு, மண் வாய் திறந்தது.