ஹெல்ம்ஹோல்ட்ஸ்: அடைபட்ட காற்றை அளந்தவர்

ஆண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு வேண்டுமென்று நம் சங்கத்தார் கேட்டனர். மன்னர்களையும் புலவர்களையும் பற்றி எழுத நம்மிடையே வல்லவர் பலர் உளர். நான் பொறியியல் மாணவன். ஆகவே என் துறைக்கு அண்மையில் உள்ள ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். காரின் டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைத்துத் தெருவே அதிரும்படி ஓட்டிச் செல்கிறார்களே, அவர்களில் பலர் இவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு இவருடையது.

ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். கல்வி நிறைந்த வீடு. காசு குறைந்த வீடு. அத்தகைய வீடுகளை நாம் அறிவோம். நம்மில் பலர் அங்கிருந்துதான் இரயிலேறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். சிறுவனுக்குப் பௌதிகத்தின்மேல் தீராத காதல். ஆனால் பௌதிகம் படிக்க வைக்கத் தந்தையாரிடம் பொருளில்லை. பெர்லினில் இராணுவ மருத்துவக் கல்விக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே கட்டணம் கிடையாது. மாறாக, படித்து முடித்ததும் எட்டாண்டுகள் படையில் மருத்துவராக உழைக்க வேண்டும். 1838இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அங்கே சேர்ந்தார்.

விரும்பிய பாடம் ஒன்று, கிடைத்த பாடம் வேறொன்று என்னும் கதையை விடுதி அறைகளில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பலர் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த இளைஞர் கல்விக்கூடத்து நூலகத்தில் உதவியாளர் வேலையைப் பெற்றார். அங்கே தூசி படிந்து கிடந்த பெர்னூலி முதலியோரின் கணித நூல்களை ஆசிரியர் துணையின்றித் தாமே படித்தார். பகலில் பிணமறுத்தல், இரவில் கணிதம்.

1842இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு போட்ஸ்டாமில் படை மருத்துவரானார். பாசறையிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். தசை இயங்கும்போது தோன்றும் வெப்பத்தை ஆராயப் புகுந்தவர், இயற்கையில் ஆற்றல் அழிவதுமில்லை, வெறுமையிலிருந்து பிறப்பதுமில்லை என்னும் பெருங்கொள்கைக்கு வந்து சேர்ந்தார். 1847 ஜூலையில் பெர்லின் பௌதிகக் கழகத்தில் அதைப் படித்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை. நாட்டின் தலைசிறந்த பௌதிக இதழ் அக்கட்டுரையை ஏற்கவில்லை. தனி நூலாக அச்சிட்டு வெளியிட்டார். இன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் விதி அது!

அவருடைய அறிவைக் கண்டவர்கள் முயன்று 1848இல் படைச் சேவையிலிருந்து முன்னதாகவே விடுவித்தார்கள். 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். அவ்வாண்டே ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். நரம்பின் வழியே செய்தி ஓடும் வேகத்தை அளக்க இயலாது என்றே அக்காலத்து அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். தவளையின் நரம்பைக் கொண்டு அதை அளந்தார். நொடிக்கு முப்பது மீட்டர் அளவுதான் வந்தது. கண்ணுக்குள் நோக்கும் கருவியை 1851இல் வெளியிட்டார். இன்றைய கண் மருத்துவம் அக்கருவியோடுதான் தொடங்குகிறது என்றால் மிகையாகாது.

பின்னர் பான் நகரம், 1858இல் ஹைடல்பெர்க். மறு ஆண்டு, நெடுநாள் நோயுற்றிருந்த ஓல்கா மறைந்தார். வீட்டில் சிறு குழந்தைகள் இரண்டு. அத்துயர ஆண்டுகளில்தான் அவர் ஒலி ஆராய்ச்சியில் ஆழ்ந்திருந்தார். 1861இல் மறுமணம் செய்துகொண்டார். 1863இல் இசையொலியின் உணர்ச்சியைப் பற்றிய பெருநூல் வெளிவந்தது.

அந்த ஆராய்ச்சிக்கு அவர் பயன்படுத்திய கருவி மிக எளியது. உள்ளீடற்ற ஓர் உருண்டை; ஒரு பக்கம் வாய், மறு பக்கம் காதுக்குள் பொருந்தும் சிறு மூக்கு. அதை மெழுகு வைத்துக் காதில் செருகிக்கொண்டால், நூறு ஓசைகள் கலந்து வந்தாலும் ஒரே ஒரு சுருதி மட்டும் கணீரென்று கேட்கும். உருண்டையின் அளவை மாற்றினால் சுருதி மாறும். காரணம் என்ன? வாயில் நிற்கும் காற்று ஒரு குண்டு போன்றது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போன்றது. குண்டு ஸ்பிரிங்கின்மேல் துள்ளுகிறது. காலிச் சோடாப் புட்டியின் வாயில் ஊதிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். கடம் வாசிப்பவர் வாயை உள்ளங்கையால் தட்டும்போது எழும் கனத்த நாதமும் இதுவே.

இனிப் பெட்டிக்கு வருவோம். எங்கள் விடுதி நண்பர் ஒருவர் தம் பழைய காருக்கு சப்வூஃபர் பெட்டி செய்ய என்னைத் துணைக்கு அழைத்தார். கடையில் ஆயத்தமாக விற்கும் பெட்டியை வாங்காமல் கணக்குப் போட்டோம். குழாய் வைத்த பெட்டி என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் உருண்டையேதான். சதுரமாக இருக்கிறது, அவ்வளவே. உள்ளளவு 50 லிட்டர், குழாயின் விட்டம் 10 செ.மீ., வேண்டிய சுருதி நொடிக்கு 35 அதிர்வு என்று கொண்டால், குழாயின் நீளம் 38 செ.மீ. வரும். குழாயின் இரு முனைகளுக்கு வெளியேயும் சிறிது காற்று சேர்ந்து ஆடுவதால் அதைக் கழித்து 31 செ.மீ. வைத்தால் போதும். இடம் போதவில்லை என்று பெட்டியைப் பாதியாக்கினால், அதே சுருதிக்குக் குழாய் 70 செ.மீ. நெருங்கிவிடும், டிக்கியில் எங்கே வைப்பது? குழாயைச் சிறுத்து 5 செ.மீ. விட்டமாக்கினால் 50 லிட்டருக்கு 6 செ.மீ. நீளமே போதும். ஆனால் அந்தச் சிறு துளையில் காற்று விரைந்து பாய்ந்து புஸ்ஸென்று சீறும். இயற்கை ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றைப் பிடுங்கிக்கொள்கிறது.

குழாயே இல்லாத அடைப்புப் பெட்டியும் உண்டு. அதில் அடைபட்ட காற்று ஸ்பீக்கரின் கூம்புக்கு இன்னொரு ஸ்பிரிங்காக அமைகிறது. பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் இறுகி, ஒலியின் அடித்தளம் மேலே ஏறிவிடும். வீட்டில் இது குறைதான். காரிலோ நிலைமை வேறு. காரின் உட்புறம் ஏறக்குறைய 3 மீட்டர். 57 அதிர்வுக்குக் கீழே ஒலியலையின் பாதி நீளமே காரைவிடப் பெரிதாகிவிடுவதால், முழுக் காரும் ஒரே காற்றுப் பையாக அமுங்கி விரிகிறது. தாழ்ந்த ஒலி தானே வலுக்கிறது. அடைப்புப் பெட்டியில் ஒரு ஸ்தாயி இறங்கும்போது குறையும் 12 டெசிபெல்லைக் கார் பெரிதும் ஈடு செய்கிறது. குழாய்ப் பெட்டி தன் சுருதியை ஒட்டி உரக்க முழங்கும். அதற்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபெல் சரியும், கூம்பும் பிடிப்பின்றி ஆடும். ஆரவாரம் வேண்டுவோர் குழாய் வைக்கட்டும். மிருதங்கத்தின் தொப்பியை உள்ளபடி கேட்க வேண்டுமானால் அடைப்புப் பெட்டியே மேல் என்பது என் கட்சி. நண்பர் என் பக்கம் சேர்ந்தார். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, மூட்டுகளில் ஊசிமுனை அளவு இடைவெளியும் இல்லாதபடி பசை. ஸ்பீக்கரின் பின்புறம் அடைக்கும் இடத்தைக் கழித்துத்தான் உள்ளளவைக் கணக்கிட வேண்டும்.

நெடுஞ்சாலையில் பின் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால் காதை அமுக்கி அமுக்கி எடுக்குமே, அதுவும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் வேலையே! கார் உருண்டை, சன்னல் அதன் வாய். இன்னொரு கண்ணாடியைச் சிறிது இறக்கினால் அடங்கிவிடும்.

1871இல் பௌதிகப் பேராசிரியர் பதவி பெர்லினிலிருந்து அவரைத் தேடி வந்தது. சிறுவயதில் பணமில்லாமல் இழந்த பாடம் ஐம்பதாம் வயதில் முறைப்படி கிட்டியது. வகுப்பு நடத்துவதில் அவர் வல்லவரல்லர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயத்தமின்றி வருவார், குறிப்பேட்டில் எண்களைத் தேடுவார், கரும்பலகையில் கணக்குப் பிழைக்கும். மாணவர் ஒவ்வொருவராக நழுவினர். நழுவாமல் இருந்த சிலருள் மாக்ஸ் பிளாங்க் ஒருவர். ஆய்வுக்கூடத்தில் அவரிடம் பயின்ற ஹெர்ட்ஸ் பின்னர் மின்காந்த அலைகளைக் கண்டார். 1893இல் சிகாகோ கண்காட்சிக்குச் சென்று திரும்புகையில் கப்பல் படியில் விழுந்து அடிபட்டார். 1894 செப்டம்பர் 8ஆம் நாள் காலமானார்.

அவருடைய இசை நூலை 1875இல் எல்லிஸ் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். திருச்சிப் பக்கத்தில் பிறந்த மாணவர் ஒருவர் இளமையில் அதைப் படித்தார். தம் அறிவை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் குறிப்பிட்ட அவர்தாம் சி. வி. இராமன். அவருக்கும் முதலில் கிடைத்தது விரும்பிய வேலையன்று, அரசாங்கக் கணக்கு வேலை. 1907இல் நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவுக்கு வந்து, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210ஆம் எண் ஆய்வுக்கூடத்தில் வயலினையும் வீணையையும் ஆராய்ந்தார். பல தோற்கருவிகளில் ஒழுங்கின்றிச் சிதறும் ஓசைகள் மிருதங்கத்தில் சுருதியோடு இசைவது ஏன் என்று கேட்டு, வலந்தலையின் நடுவே அப்பிய கரிய சாந்தின் கனமே காரணம் என்று 1920இல் வெளியிட்டார்.