வேர்ச்சொல் தேடிய பாவாணர்

மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1902ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் சங்கரன்கோவிலில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார்; ஆம்பூரில் உலுத்தரன் திருச்சபையாரின் பள்ளியில் பயின்றார். 1940இல் 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தது. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ஓசூரும் கிருட்டினகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தின் பகுதிகள். ஆதலின் அவரை நம்மவர் என உரிமை கொண்டாடுவதில் தவறில்லை.

சொற்களுக்கு வேர் காண்பதே அவர் வாழ்வு. உகரச் சுட்டிலிருந்து சொற்குடும்பங்கள் கிளைத்ததை நிரல்பட விளக்கினார். அவ்வளவில் நில்லாது, ஆங்கிலம், இலத்தீன் முதலிய மொழிச் சொற்களுக்கும் தமிழே மூலம் என்றார். இவ்விடத்தில்தான் அவரைப் போற்றுவோரும் சற்று நின்று எண்ண வேண்டும்.

செருமானியப் பழஞ்சொற்களை மீட்டோர் ஒலியொப்புமையை மட்டும் நம்பவில்லை. பிறமொழிகளில் பகரம் நிற்குமிடத்தில் செருமானிய மொழிகளில் ஃபகரம் வரும் என்பதை யாக்கோபு கிரிம் 1822இல் ஒழுங்குபட வகுத்தார். பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் 'பெத்', ஆங்கில 'ஃபுட்' ஆகியவற்றை இவ்விதிப்படி ஒப்பிட்டு, எந்த ஏட்டிலும் காணப்படாத 'ஃபோட்ஸ்' என்னும் முன்வடிவை உய்த்துணர்ந்து, உடுக்குறியிட்டு எழுதினர். ஒரு சொல்லில் கண்ட திரிபு, ஒத்த சூழலில் பிற சொற்களிலும் வர வேண்டும் என்பதே அங்கு உரைகல்.

எல்லைப்புறத்தார்க்கு இது புதிதன்று. நம் பால் கன்னடர்க்கு ஹாலு. நம் பள்ளி அவர்க்கு ஹள்ளி. பழங்கன்னடப் 'பொச' பின்னர் 'ஹொச' ஆயிற்று. தமிழில் அதன் உறவு 'புது'. ஆகவே ஹொசஊரு என்னும் ஓசூர், பொருளால் புத்தூரே! சிப்காட் தொழிற்சாலை வாயிலில் இருமொழியும் கேட்டு நிற்கும் தொழிலாளி, இவ்விதியின் பெயரறியாமலே அதனைப் பயில்கிறார்.

பாவாணரின் உலகளாவிய முடிபுகள் இவ்வுரைகல்லில் தேறவில்லை என்பதே மொழியியலார் பலரின் கருத்து; எமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆயினும் தமிழ்ச்சொல்லுக்கு வடமொழி மூலத்தையே தேடும் வழக்கத்தை எதிர்த்து, அதன் வேரைத் தமிழிலேயே முதலில் தேடுக என வற்புறுத்திய துணிவு அவருடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணி 1961இல் முடிந்தபின் வறுமையிலும் அத்தேட்டத்தை அவர் விடவில்லை.

1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். அப்போது அகவை எழுபத்திரண்டு. 1981 சனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின் நோயுற்று, அந்நகரிலேயே மறைந்தார். அகரமுதலியின் முதல் மடலம் 1985இல் வெளிவந்தது. அதனை அச்சிற் காண அவர் இல்லை.