யார் வீட்டுப் பிள்ளை?



நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் புதிதாக ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், தண்ணீர் கொடுத்த கையோடு எந்த ஊருங்க என்று கேட்போம். அடுத்து, யாரு வீட்டுப் பிள்ளைங்க என்போம். மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. அதை வாய்விட்டுக் கேட்க மாட்டோம். ஆனால் பதில் தெரியும் வரை பேச்சை வளைத்து வளைத்துக் கொண்டு போவோம். தெரிந்த பிறகுதான் அவரை எங்கே உட்கார வைப்பது என்று நம் மனம் முடிவு செய்கிறது.

இந்தக் கேள்விகள் வாழ்நாள் முழுவதும் துரத்திய ஒரு மனிதர், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணுக்கு நடந்து வந்தார். அவர்தான் இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி. தத்துவ போதகர் என்று தமிழ் மக்கள் அழைத்தவர்.

1577-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். திருத்தந்தையர்களோடும் கர்தினால்களோடும் உறவு கொண்ட குடும்பம் அது. பெயரும் செல்வமும் பதவியும் அவருக்காகக் காத்திருந்தன. அவரோ வீட்டாரின் எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்தார். பெருமைக்குரிய தம் குடும்பப் பெயர் இனித் தமக்கு எதற்கும் உதவப் போவதில்லை என்று அப்போது அவர் நினைத்திருக்கலாம். 1605-இல் கோவாவில் வந்து இறங்கினார். 1606-இன் இறுதியில் மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

மதுரையில் அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற இயேசு சபைக் குரு பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களை அவர் அன்போடு கவனித்தார். ஆயினும் பல ஆண்டுகள் உழைத்தும் மதுரை மக்களில் எவரும் திருமறையை ஏற்கவில்லை. காரணம் ஒரு சொல். பரங்கி என்ற சொல். போர்த்துக்கீசியரையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் மக்கள் அப்படி அழைத்தார்கள். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தூய்மை பேணாதவர், மதிப்பற்ற கூட்டத்தார் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தன. கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்று அவர்கள் எண்ணினார்கள். நற்செய்தி அவர்கள் காதில் விழுவதற்கு முன்பே, அதைக் கொண்டு வந்தவரின் பெயர் கதவை அடைத்துவிட்டது.

நொபிலி அந்தக் கதவைத் திறக்க முனைந்தார். காவி உடுத்தினார். பாதக்குறடு அணிந்தார். ஒரு வேளை மட்டும் மரக்கறி உணவு உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் வடமொழி பயின்றார். தாம் பரங்கி அல்ல என்றும், உரோமையில் அரச மதிப்புள்ள குடும்பத்தில் பிறந்து துறவு பூண்டவர் என்றும் எழுதித் தம் இல்லத்தின் முன் வைத்தார். வேண்டாம் என்று விட்டுவந்த குடும்பப் பெருமையையே, ஆண்டவருக்காக மீண்டும் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

கதவு திறந்தது. கற்றறிந்தவர்கள் தேடி வந்தார்கள், திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் வெளியே ஒரு பெயர் உருவானபோது, வீட்டுக்குள் இருந்த பெயர் உடைந்தது. பெர்னாந்தஸ் 1610-இல் மேலிடத்துக்கு முறையீடு அனுப்பினார். நொபிலி விசுவாசத்தை விட்டுவிட்டார், புறமதத்தாரைப் போல் ஆகிவிட்டார் என்ற பேச்சு கோவாவுக்கும் உரோமைக்கும் பரவியது. உறவினரான கர்தினால் பெல்லார்மீனே மனம் வருந்திக் கடிதம் எழுதினார். முழு விளக்கத்தையும் படித்த பின்னரே தெளிவடைந்தார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பேராயர் அவரை எதிர்த்தார். கொடுங்கல்லூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் அவர் பக்கம் நின்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் சொந்தச் சகோதரர்கள் முன்னிலையில் தாம் யார் என்று எண்பிக்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார். எதிரி நம்மைத் தவறாக நினைத்தால் தாங்கலாம். ஒரே பீடத்தில் பலி நிறைவேற்றுகிறவர் நினைத்தால்?

1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் வழிமுறைக்கு இசைவு அளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கையின்றிக் கையாளலாம் என்றார். அதே ஆவணத்தில் இன்னொன்றையும் அவர் கேட்டுக்கொண்டார். உயர்ந்தவராகத் தம்மை எண்ணும் கிறிஸ்தவர், இறைவார்த்தை கேட்கும் இடத்திலும் அருளடையாளங்கள் பெறும் இடத்திலும் எளியவரை இழிவாக நடத்தக்கூடாது என்பதே அது. முதல் பகுதியை வரலாறு நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாம் பகுதியை நாம் மறந்துவிட்டோம்.

அதே 1623-ஆம் ஆண்டில்தான், தம் பெயர் அறியப்பட்ட மதுரையை விட்டு அவர் வடக்கே நடந்தார். திருச்சிராப்பள்ளி வழியாக, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். பிறகு சேலம் வந்தார். இங்கே தொடக்கத்தில் வரவேற்பு இல்லை. பொதுச் சாவடியில் தங்கி நோயுற்றுக் கிடந்தார். உரோமைப் பிரபு என்பதும், வடமொழி கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர் என்பதும் அங்கே எதற்கும் உதவவில்லை.

சேலத்தில் அவர் பெற்ற முக்கியமான ஆன்மா யார் தெரியுமா? ஆளும் நாயக்கர் அல்ல. ஆட்சியை இழந்து நின்ற அவருடைய அண்ணன் திருமங்கல நாயக்கர். அரசுரிமையும் பட்டமும் போய், பிறந்த ஊரிலேயே ஒன்றுமில்லாதவராக இருந்தவர். நொபிலியோடு உரையாடி, மறையைக் கற்று, 1625-இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். சேலத்துக்கு அருகே உள்ள மோரமங்கலம் மதுரை மறைப்பணித்தளத்தின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. நம் மறைமாவட்டம் 1930-இல்தான் உருவானது. ஆனால் அதன் வேர்களில் ஒன்று, பெயரை இழந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுகொண்ட அந்த நாட்களில் இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நொபிலி தேடிய மதிப்புக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் எளியவர்கள். பிராமணத் துறவியாக வாழ்ந்ததால், பரதவக் கிறிஸ்தவர்களோடும் ஒடுக்கப்பட்டோரோடும் அவரால் வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அதை அவருடைய சபையும் உணர்ந்தது. 1640 முதல் பல்தசார் தா கோஸ்தா போன்ற குருக்கள் பண்டாரசாமிகளாக வாழ்ந்து எல்லா மக்களிடமும் சென்றார்கள். ஆனால் அன்று ஒரு பணிமுறைக்காக ஏற்றுக்கொண்ட பிரிவினை, பிற்காலத்தில் நம் ஆலயங்களுக்குள் தனி இடமாகவும், கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவராகவும் நின்றது. கதவைத் திறக்க வைத்த சாவியை, நாம் பூட்டுவதற்குப் பயன்படுத்திக் கொண்டோம்.

நொபிலியின் கடைசி ஆண்டுகள் மயிலாப்பூரில் ஒரு மண் குடிசையில் கழிந்தன. ஏறக்குறைய பார்வை இழந்த நிலையிலும், பிறர் எழுத நூல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1656 சனவரி 16 அன்று இறைவனடி சேர்ந்தார்.

நற்பெயர் நல்லதுதான். நீதிமொழிகள் நூல் அதைச் செல்வத்துக்கு மேலாக மதிக்கிறது. ஆனால் தச்சர் மகன் என்று தம் ஊராரே ஒதுக்கியபோது நம் ஆண்டவர் தம் பெயருக்காக வழக்காடவில்லை. அடிமையின் தன்மையை ஏற்றுச் சிலுவை வரை நடந்தார். தந்தை அவருக்கு எப்பெயருக்கும் மேலான பெயரை அருளினார்.

திருமுழுக்குத் தொட்டியருகே குரு நம் பெற்றோரிடம் கேட்டது பிள்ளையின் பெயரை மட்டுமே. வம்சத்தைக் கேட்கவில்லை. வரும் ஞாயிறு நம் ஆலயத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால், அந்த மூன்றாவது கேள்வியை மனத்திலும் கேட்காமல், பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்போம். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது நமக்குத் தெரியும். நம் தந்தையின் வீட்டுப் பிள்ளை.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.